கூடுதல் விலை கொடுப்பேன் என்றவர்கள் கடையில் செய்தது

கேள்வித்தாளை நீட்டியதும் எல்லோருக்கும் தாராள மனசு வந்துவிடும். "எந்தப் பண்ணையில் வளர்ந்தது, என்ன தீவனம் போட்டார்கள், மருந்து கொடுத்தார்களா, எப்போது பிடித்தார்கள் என்கிற விவரமெல்லாம் தெரிகிற வளர்ப்பு மீனுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பீர்களா?" என்று கேட்டால், "பின்னே? குடும்பத்துக்குச் சமைக்கிறதாச்சே" என்றுதான் பதில் வரும். அதே ஆள் கடையில் இரண்டு தட்டுக்கு நடுவில் நின்று, மாறி மாறிப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போவார். இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பதில் சொன்னபோதும் மனதாரத்தான் சொன்னார், வாங்கும்போதும் யோசித்துத்தான் வாங்கினார். இரண்டு இடத்திலும் அவர் முன்னால் இருந்த கேள்வி வேறு.

சில மீன் பண்ணைகள் சேர்ந்து நடத்தும் ஒரு விற்பனைக் குழுவில் வேலை பார்க்கிறேன். மூலம் தெரிந்த மீன் என்று தனியாக லேபிள் ஒட்டி விற்றால் கூடுதல் விலை கிடைக்குமா, யார் கொடுப்பார்கள், எதற்காகக் கொடுப்பார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வீடுகளில் போய்க் கேட்டது, ஆட்களைக் கூட்டி நிஜப் பணத்தை வைத்துச் சோதித்தது, கடைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று கவனித்தது என்று மூன்று வழியிலும் பார்த்தோம். இதே யோசனையில் இருக்கும் பண்ணைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கேள்வித்தாள் விஷயம். வாயால் சொல்கிற விலைக்கும் கையால் கொடுக்கிற விலைக்கும் உள்ள தூரம் ஆராய்ச்சியாளர்களுக்கு வெகுநாளாகத் தெரிந்த ஒன்றுதான். 1989-இல் எக்ஸான் வால்டஸ் என்ற எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவில் தரை தட்டியபோது, கெட்டுப்போன கடலுக்கு மக்கள் மனதில் என்ன விலை என்று கணக்கிட வேண்டிவந்தது. அதையொட்டி அமெரிக்க அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்ற இரண்டு நோபல் பரிசுக்காரர்கள் தலைமை. 1993-இல் அவர்கள் கொடுத்த அறிக்கையில், கேள்வி கேட்கும்போதே "இந்தப் பணத்தை இங்கே கொடுத்தால் வேறு எதற்கோ குறையும்" என்று ஆளுக்கு நினைவுபடுத்துங்கள் என்றார்கள். 2001-இல் லிஸ்ட், கேலட் என்ற இருவர் பழைய சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, கற்பனைக் கேள்வியில் சொல்லும் தொகை நிஜத்தைவிடச் சராசரியாக மூன்று மடங்கு வரை போகிறது என்று வந்தது. 2005-இல் வேறொரு தொகுப்பில் நடு மதிப்பு 1.35 மடங்குதான். எதை நம்புவது என்றால், இரண்டையும் நம்பலாம். பழக்கமான பொருளுக்குக் கேட்டால் வித்தியாசம் சிறிது, கண்ணுக்குத் தெரியாத நல்ல விஷயத்துக்குக் கேட்டால் பெரிது என்பது என் அனுபவம். மீனின் பூர்வீகம் இரண்டாவது வகை.

ஆகவே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டோம். "நீங்கள் கொடுப்பீர்களா?" என்பது ஒன்று. "உங்களைப் போல மீன் வாங்குகிற பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பார்?" என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு வரும் பதில் பெரும்பாலும் பாதிக்கும் கீழே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லும்போது யாரும் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளத் தேவையில்லை அல்லவா? செலவில்லாமல் உண்மைக்குக் கிட்டே போக இது நல்ல குறுக்கு வழி. விலை நிர்ணயம் செய்ய முதல் பதிலை எடுக்கவே எடுக்காதீர்கள். இரண்டாவதை எடுத்து, அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

நிஜப் பணச் சோதனை இதைவிட சுவாரசியமானது. 1964-இல் பெக்கர், டீக்ரூட், மார்ஷாக் என்ற மூவர் வகுத்த முறை. வருகிறவர் கையில் சாதாரண வளர்ப்பு மீன் ஒரு பொட்டலம், கூடவே கொஞ்சம் பணம். எதிரே அதே எடையில், அதே மீன், முழு விவரத்தோடு இன்னொரு பொட்டலம். "இதை மாற்றிக்கொள்ள அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள்? எழுதுங்கள்" என்போம். அப்புறம் ஒரு டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுப்போம். அதில் உள்ள விலை அவர் எழுதியதைவிடக் குறைவு அல்லது சமம் என்றால், சீட்டில் உள்ள விலைக்கே மாற்றிக்கொள்ளலாம். அதிகம் என்றால் மாற்ற முடியாது, கையில் இருப்பதோடு போகவேண்டியதுதான். கூட்டி எழுதினால் வேண்டாத விலைக்கு வாங்க நேரும், குறைத்து எழுதினால் வேண்டியது கிடைக்காமல் போகும். உள்ளதை எழுதுவதுதான் லாபம்.

சொன்னால் எளிது, புரியவைக்க மூச்சு வாங்கும். முதலில் ஒரு பேனாவையோ சோப்பையோ வைத்து ஒரு தரம் ஒத்திகை பார்த்துவிட்டு மீனுக்கு வாருங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் பேரம் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அங்கே ஒரு அம்மா. கேள்வித்தாளில் தாராளமாக எழுதியவர். பணத்தைக் கையில் கொடுத்ததும் பேனாவை மூடிவிட்டார். விவரப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பண்ணைப் பெயர், குளத்து எண், குஞ்சு வந்த பொரிப்பகம், தீவனப் பேட்ச் எண் என்று வரிசையாக அச்சிட்டிருந்தோம். "இதெல்லாம் சரி தம்பி, இதை எப்போ பிடிச்சது?" என்றார். அறுவடைத் தேதி கீழே, சின்ன எழுத்தில் இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணப் பொட்டலத்தைக் காட்டி, "இது எப்போ?" என்றார். அதில் தேதி இல்லை. பேனாவைத் திறந்து ஒரு தொகையை எழுதினார். மற்ற எந்த வரியையும் அவர் கேட்கவில்லை.

அந்த மேசையில் திரும்பத் திரும்ப நடந்தது இதுதான். எங்களுக்கு விவரம் என்றால் ஒரு நீளமான சங்கிலி: பொரிப்பகம், குளம், தீவனம், மருந்து, அறுவடை, ஐஸ், பெட்டி, வண்டி, கடை. வாங்குகிறவருக்கு அந்தச் சங்கிலி வேண்டாம். அவர் மனதில் ஏற்கனவே ஒரு சந்தேகம் இருக்கிறது. அதற்குப் பதில் சங்கிலியில் எங்கேயாவது இருந்தால் அந்த ஒரு கண்ணிக்குப் பணம் கொடுப்பார். இல்லையென்றால் சங்கிலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் காசு பெயராது.

சந்தேகங்கள் என்னென்ன என்று பார்த்தால் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. எப்போது பிடித்தது என்பது முதலிடம், மற்றதெல்லாம் வெகு தூரம் தள்ளித்தான். அடுத்தது தண்ணீர்: சாக்கடை கலந்த குளமா? அப்புறம் மருந்து. கடைசியாகத் தீவனம். மருந்துச் சந்தேகத்தை வெறும் பயம் என்று ஒதுக்கவும் முடியாது. குளோரம்பெனிக்கால், நைட்ரோபியூரான் ஆகிய ஆண்டிபயாடிக்குகளின் எச்சம் வளர்ப்பு இறாலில் அகப்பட்டு, 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ஆசிய நாடுகள் சிலவற்றின் சரக்கைத் திருப்பியது. மலக்கைட் பச்சை என்ற சாயம் பூஞ்சைக்கும் ஒட்டுண்ணிக்கும் மலிவான மருந்து. ஆனால் நிறமில்லாத இன்னொரு வடிவமாக மாறி மீனின் கொழுப்பில் நெடுநாள் தங்கிவிடும். உணவுக்கான மீனில் அதைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன. தீவனத்துக்கும் ஒரு கதை உண்டு. 2004-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, வளர்ப்பு சால்மனில் பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம் போன்ற மாசுகள் கடலில் பிடித்த சால்மனைவிட அதிகம் என்று சொன்னது. அவை வந்த வழி தீவனத்தில் சேர்த்த மீன் எண்ணெய். அந்த ஆய்வின் பெயரோ ஆண்டோ யாருக்கும் நினைவில்லை. "வளர்ப்பு மீன்ல ஏதோ கலக்கிறாங்களாம்" என்ற ஒற்றை வரியாக மட்டும் அது இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு வினோதமான சிக்கல் வருகிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூலத்தைச் சொல்லும் லேபிள் முதலில் சொல்லும் செய்தி "இது பண்ணை மீன்" என்பதுதான்! பக்கத்துத் தட்டில் லேபிள் இல்லாமல் கிடக்கிற மீனும் பண்ணை மீன்தான். ஆனால் அதை வாங்குகிறவர் கடல் மீன், ஆற்று மீன் என்று நினைத்துக்கொள்ளலாம், யாரும் மறுக்கப் போவதில்லை. நேர்மையாக எழுதியவன் முதல் வரியிலேயே விலையில் ஒரு படி இறங்கிவிடுகிறான். அப்புறம் ஏறவேண்டியதெல்லாம் இந்தப் பள்ளத்திலிருந்துதான். எங்கள் லேபிள் தட்டு ஆரம்பத்தில் சாதாரண விலைக்கே தேங்கியதற்கு இதுதான் காரணம் என்று கடையில் நின்று பார்த்த பிறகே பிடிபட்டது. "ஐயோ, இது வளர்ப்பா?" என்று கையை எடுத்தவர்கள் பக்கத்துத் தட்டிலிருந்து வளர்ப்பு மீனையே வாங்கிப் போனார்கள்.

உலகத்தில் மீன், இறால், சிப்பி போன்றவற்றின் மொத்த உற்பத்தியில் வளர்ப்பின் பங்கு 2022-இல்தான் முதன்முறையாகப் பிடிப்பை முந்தியது. ஐநா உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்குப்படி 9.44 கோடி டன், மொத்தத்தில் 51 சதவீதம். சாப்பிடுவதில் பாதிக்கு மேல் வளர்ப்பு, மனசுக்கு ஒவ்வாதது அந்தப் பெயர் மட்டும்தான். பெயர் மாற்றி விற்கும் பழக்கம் இதில் எண்ணெய் ஊற்றுகிறது. 2010 முதல் 2012 வரை ஓசியானா என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு அமெரிக்காவில் 1,215 மீன் மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பியதில் மூன்றில் ஒன்று வேறு மீன். ரெட் ஸ்னாப்பர் என்ற கடல் மீன் என்று சொல்லி விற்ற 120 மாதிரிகளில் நிஜமானவை ஏழே ஏழு. மற்றவற்றில் பண்ணைகளில் வளர்க்கிற திலாப்பியாவும் இருந்தது.

சட்டம் வற்புறுத்துகிற இடத்தில் இந்தப் பள்ளம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1379/2013 விதிப்படி கடைத் தட்டிலேயே இது பிடித்ததா, வளர்த்ததா, வளர்த்தது என்றால் எந்த நாட்டில் என்று எழுதவேண்டும், உறைந்து இளகியதா என்பதையும் சேர்த்து. ஜப்பானிலும் வளர்ப்பு, உறைந்து இளகியது என்ற இரண்டு குறிப்பும் கட்டாயம். எல்லாத் தட்டிலும் எழுதியிருந்தால் எழுதியவனுக்குத் தண்டனை இல்லை. அப்படிக் கட்டாயம் இல்லாத சந்தையில் தனியாக இறங்குகிறவர்கள், வளர்ப்பு என்ற சொல்லை ஒளிக்காமல், அதற்குப் பக்கத்திலேயே ஒரு பலனையும் வையுங்கள். "பண்ணையில் வளர்த்தது" என்று நிறுத்தாமல் "பண்ணையில் வளர்த்தது, இன்று விடியற்காலையில் பிடித்தது" என்றால் கை பின்னால் போவதில்லை. கடல் மீனுக்கு இதைச் சொல்வது கஷ்டம். படகு கடலில் எத்தனை நாள் கிடந்ததோ! வளர்ப்பு மீனின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது, அதைத்தான் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தோம்.

இன்னொரு பலம் வாசனை. வளர்ப்பு மீன் வேண்டாம் என்பவர்களிடம் ஏன் என்று கேட்டால், மருந்து, தீவனம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் "மண் வாசம் அடிக்கும்" என்பார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் அந்தக் கடைசி வரிதான். ஜியோஸ்மின், எம்ஐபி என்ற இரண்டு பொருள்கள் அந்த வாசனைக்குக் காரணம். குளத்திலுள்ள நீலப்பச்சைப் பாசியும் சில பாக்டீரியாக்களும் உண்டாக்குகிறவை, மீனின் செவுள் வழியாக உள்ளே போய்க் கொழுப்பில் சேரும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் மிக மிகக் குறைந்த அளவிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும். பிடிப்பதற்கு முன் சில நாட்கள் தீவனத்தை நிறுத்தி, ஓடும் சுத்தத் தண்ணீரில் விட்டுவைத்தால் வாசனை இறங்கும்.

லேபிளில் நாங்கள் மாற்றிய வரிகளில் அதிகம் வேலை செய்தது, "பிடிப்பதற்கு முன் சுத்தத் தண்ணீரில் நிறுத்தியது" என்ற வரி. சான்றிதழ் முத்திரை செய்யாததை இது செய்தது. அது நடந்ததா என்று காட்டும் தேதிகளும் பதிவில் இருந்ததால், ஒரு தரம் நிஜமாகவே கைகொடுத்தது. வாடிக்கையாளர் ஒருவர் லேபிளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து, "நீங்க எழுதினது பொய், வாசம் அடிக்குது" என்று பொரிந்து தள்ளினார். பேட்ச் எண்ணை, அதாவது ஒன்றாகப் பிடித்த மீன் தொகுதிக்கு நாங்கள் போடும் எண்ணை, வாங்கிப் பார்த்தால், அன்றைக்குச் சரக்குப் போதாமல் ஒரு பண்ணையில் மீனை நிறுத்திவைக்கும் நாட்களைக் குறைத்திருந்தார்கள், பதிவேட்டிலேயே தெரிந்தது. அவரிடம் காரணத்தை அப்படியே சொல்லி, பணத்தைத் திருப்பினோம். அதே குளத்து மீன் போன மற்ற கடைகளுக்கும் சொல்லி அன்றைக்கு அந்த வரியை மறைக்கச் சொன்னோம். போன் செய்தவர் திரும்ப வந்தார். வந்தவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை, "இது எந்தக் குளம்?" என்றுதான் கேட்டார். க்யூஆர் கோடு வழியாகக் கிடைத்த எந்த வாடிக்கையாளரைவிடவும் இப்படி வந்தவர் உறுதியானவர்.

க்யூஆர் கோடு பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் எல்லோரும் பணத்தை முதலில் அங்கேதான் கொட்டுகிறார்கள். கடையில் நின்று பார்த்ததில் அதை ஸ்கேன் செய்தவர்கள் மிக மிகக் குறைவு. கை ஈரம். ஒரு கையில் பை, இன்னொரு கையில் பணம். லேபிள் ஐஸ் தண்ணீரில் நனைந்து சுருங்கிக் கிடக்கிறது. பின்னால் வரிசை. இதற்கு நடுவில் போனை எடுத்து, கேமராவைத் துடைத்து, பக்கம் திறக்கும்வரை நிற்க யாருக்குப் பொறுமை? திறந்தவர்களும் பண்ணையின் முகப்புப் பக்கத்தில் சூரிய உதயப் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். கோடு வைத்தால் நேராக அந்த பேட்ச்சின் பக்கத்துக்குப் போகவேண்டும், முதல் வரியில் பிடித்த நேரம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வைக்காதீர்கள்.

ஆனால் ஸ்கேன் செய்யாதவர்களிடமும் கோடு ஒரு வேலை செய்தது. "இதுல பார்த்துக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு, பார்க்காமலே வாங்கினார்கள். பார்க்க முடியும் என்பதே அவர்களுக்குப் போதும். மறைக்கிறவன் கோடு போடமாட்டான் என்ற கணக்கு. பொருளாதாரத்தில் இதற்கு வரலாறு உண்டு. விற்கிறவருக்குத் தெரிந்தது வாங்குகிறவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு விலை போகாமல் வெளியேறிவிடும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து எழுதினார். 1973-இல் டார்பி, கார்னி என்ற இருவர் ஒரு படி மேலே போய், பயன்படுத்திய பிறகும் தரம் தெரியாத பொருள்கள் உண்டு என்றார்கள். மருந்து எச்சம் அந்த ரகம், சாப்பிட்டாலும் தெரியாது. வாசனை அப்படியில்லை, முதல் வாயிலேயே தெரிந்துவிடும். சாப்பிட்டால் தெரிகிற குணத்துக்கு முதல் தடவைதான் லேபிள் வேண்டும், அடுத்த தடவை நாக்கே சாட்சி. சாப்பிட்டாலும் தெரியாத குணத்துக்கு ஒவ்வொரு தடவையும் யாராவது சாட்சி சொல்லியாக வேண்டும்.

அந்த சாட்சி பலருக்கு ஏற்கனவே இருக்கிறார்: வழக்கமாக வாங்கும் மீன்காரர். காசு கொடுப்பவர்களையும் கொடுக்காதவர்களையும் பிரிப்பதில் நான் கண்ட மிகவும் தெளிவான வித்தியாசம் இதுதான். தெரிந்த ஆளிடம் வாங்குகிறவர்கள் விவரத்துக்குக் காசு கொடுக்கவில்லை. "அக்கா எனக்குக் கெட்ட மீன் தரமாட்டாங்க" என்பவரிடம் பேட்ச் எண்ணை நீட்டினால், அந்த அக்காவைச் சந்தேகப்படச் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. கூடுதல் விலை கொடுத்தவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள், பெரிய கடையில் முகம் தெரியாத கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவர்கள், மீன் பார்க்கத் தெரியாத இளையவர்கள், முன்பு ஒருமுறை கெட்ட மீன் வாங்கி ஏமாந்தவர்கள். கைக்குழந்தைக்கு முதன்முதலாக மீன் கொடுக்கப் போகிறவர்கள் எல்லோரையும்விட அதிகம் கொடுத்தார்கள். வருமானத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது இவ்வளவு தெளிவாக எதுவும் தெரியவில்லை. ஆகவே பணக்காரப் பகுதி என்று தேடிப் போகாமல், மீன்காரரோடு பழக்கமில்லாதவர்கள் வாங்கும் இடம் எது என்று தேடுங்கள்.

கடைக்காரர்களின் பக்கமும் இருக்கிறது. ஒருவர் எங்கள் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தே இருந்தார். காரணம் கேட்டதற்கு, "இதுல மருந்து இல்லைன்னு எழுதிட்டீங்க. அப்போ பக்கத்துல இருக்கிற என் மீன்ல இருக்குன்னு ஆகுது. உங்க தட்டு ஒண்ணு, என் தட்டு பத்து" என்றார். நியாயமான பேச்சு. மற்ற மீனைக் குறை சொல்கிற எந்த வரியையும் எடுத்துவிட்டோம். "மருந்து இல்லை" போய், "கடைசி மருந்து: எதுவும் கொடுக்கவில்லை" அல்லது "கொடுத்த தேதி, காத்திருப்புக் காலம் முடிந்த தேதி" என்று பேட்ச் பக்கத்துக்குள் மட்டும் வந்தது. மருந்து கொடுத்த பின் மீனைப் பிடிக்காமல் விடவேண்டிய நாட்கள்தான் காத்திருப்புக் காலம். கொடுத்ததைச் சொன்னால் வாங்கமாட்டார்கள் என்று பண்ணைகளில் பயந்தார்கள். படித்த சிலர் வாங்காமல் போனதும் உண்மை. ஆனால் எப்போதும் "இல்லை, இல்லை" என்றே காட்டும் பதிவை ஓட்டல்காரர்கள் யாரும் நம்பவில்லை.

ஓட்டல்காரர்கள் என்றதும் காசு எங்கே இருக்கிறது என்ற விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வீட்டுக்கு வாங்குகிறவர் பதில் ஒன்றுக்குக் கொஞ்சம் கொடுப்பார். பெரிய சமையலறை நடத்துகிறவர், பதப்படுத்துகிறவர், ஏற்றுமதி செய்கிறவர் முழுச் சங்கிலிக்கும் கொடுப்பார்கள், ஏனென்றால் ஒரு புகார் வந்தால் பதில் சொல்லவேண்டியது அவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 178/2002 விதியில் 18-ஆம் பிரிவு, உணவுத் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்று ஒரு படி முன்னும் பின்னும் காட்டவேண்டும் என்கிறது. 2005 ஜனவரி முதல் நடைமுறை. அமெரிக்காவில் 2022 நவம்பரில் வந்த விதி ஒரு படி மேலே போய், பட்டியலில் உள்ள உணவுகளுக்கு பேட்ச் எண்ணோடு பதிவு வைத்து, கேட்ட 24 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்கிறது. பட்டியலில் மீனும் இறாலும் உண்டு. இவர்களிடம் பேசும்போது "ஆரோக்கியம்", "இயற்கை" என்ற பேச்சே வேண்டாம். "எந்த பேட்ச் எங்கே போனது என்று எவ்வளவு நேரத்தில் சொல்வீர்கள்?" என்பதுதான் அவர்களின் கேள்வி. நாங்களே ஒரு பேட்ச் எண்ணைச் சும்மா எடுத்து, பிரச்சினை என்று வைத்துக்கொண்டு, பின்னோக்கித் தேடிப் பார்க்கும் ஒத்திகையை அவர்கள் முன்னாலேயே செய்து காட்டினோம். விலைப் பேச்சு அதற்கப்புறம் சுலபமாக முடிந்தது.

செலவு லேபிளில் இல்லை, மென்பொருளிலும் பெரிதாக இல்லை. ஒரு குளத்து மீனை இன்னொரு குளத்து மீனோடு கலக்காமல் வைப்பதில்தான் இருக்கிறது. தரம் பிரிக்கும் மேசையில் எல்லா மீனும் ஒன்றாகக் கொட்டும் பழக்கம் இருந்தால், அந்த நொடியோடு சங்கிலி அறுந்துபோகும். தனித்தனிப் பெட்டி, தனித்தனி ஐஸ், பேட்ச் மாறும்போது மேசையைக் கழுவுகிற நேரம், பாதி நிரம்பிய பெட்டியோடு கிளம்புகிற வண்டி. கூடுதல் விலையைக் கணக்குப் போடும்போது இதையெல்லாம் சேர்த்துப் போடுங்கள். எல்லா மீனுக்கும் ஆரம்பிக்காமல், அளவில் பெரிய மீன், ஒரே குளத்தில் ஒரே நாளில் பிடித்து முடிகிற மீன் என்று ஒன்றை மட்டும் எடுத்தால் கலப்புக்கு இடமிருக்காது. ஏஎஸ்சி, பிஏபி போன்ற, மீன் வளர்ப்புக்கென்றே உள்ள சர்வதேசச் சான்றிதழ்கள் இந்த ஒழுங்கை வெளியிலிருந்து வந்து சோதிக்கின்றன. பிஏபி-யில் பொரிப்பகம், தீவன ஆலை, பண்ணை, பதப்படுத்தும் ஆலை என்று நான்கு நட்சத்திரம் வரை உண்டு. மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு அந்த நட்சத்திரங்கள் புரியும். தட்டுக்கு முன்னால் நின்றவர்களில் அதைக் கவனித்தவரை நான் பார்த்த நினைவில்லை.

ஒரு எச்சரிக்கை. மூலம் தெரிந்த மீன் என்றால் நல்ல மீன் என்றுதான் வாங்குகிறவர் எடுத்துக்கொள்கிறார். பதிவு அப்படிச் சொல்வதில்லை. எங்கே, எப்போது, யார் என்றுதான் சொல்கிறது. முழு விவரத்தோடும் ஒரு மீன் கெட்டுப்போகலாம். ஐஸ் குறைந்த தட்டில் மதியம்வரை கிடந்த எங்கள் மீனின் லேபிளைக் கிழித்துவிடச் சொல்லிக் கடைகளில் சண்டை போட்டிருக்கிறேன். கூடுதல் விலைக்கு வாங்கியவர் ஒருமுறை ஏமாந்தால், சாதாரண மீனில் ஏமாந்தவரைவிடப் பல மடங்கு கோபப்படுவார்.

விலையை எப்படிச் சொல்வது என்பதில், தனியாகப் பிரித்துச் சொன்னால் எடுபடவில்லை. "விவரத்துக்கு இவ்வளவு கூடுதல்" என்றால், "அது தெரிஞ்சுக்கிறது என் உரிமை, அதுக்கு ஏன் நான் காசு கொடுக்கணும்?" என்று திருப்பிக் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருப்பதால் நாங்களும் வாதாடவில்லை. ஒரே விலையாக, வேறு தட்டில், வேறு அளவு தரத்தில் வைத்தபோது ஒப்பீடு தளர்ந்து, கூடுதல் விலை நின்றது. எவ்வளவு என்றால், கேள்வித்தாளில் வந்ததற்குப் பக்கத்தில்கூட வராது. பத்து சதவீதத்தைத் தாண்டியபோதெல்லாம் வீட்டுக்கு வாங்குகிறவர்கள் விலகினார்கள், அதற்குள் இருந்தவரை தேதி வரி அவர்களைப் பிடித்துவைத்தது.

இப்போது வீட்டுக்குப் போகிற மீனின் லேபிளில் மூன்றே விஷயம்: பிடித்த நாளும் நேரமும், சுத்தத் தண்ணீரில் நிறுத்திய விவரம், ஒரு ஆள் எடுக்கிற போன் எண். கீழே பேட்ச் எண். சங்கிலியின் மீதியெல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால் ஓட்டல்களுக்கும் பதப்படுத்துகிறவர்களுக்கும் கோப்பாகப் போகிறது, தனி வைப்புச் செலவில் பெரும்பகுதியை அவர்கள் தரும் விலைதான் ஈடுகட்டுகிறது. மீதியில் கடைக்காரர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார், பண்ணைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. தட்டுக்கு இடம் கொடுப்பவர் தானே என்கிறார் அவர், குளத்தை எண்ணிட்டு எழுதுகிறவர் தாங்களே என்கிறார்கள் இவர்கள். அடுத்த கூட்டத்திலும் அதுதான் முதல் பேச்சாக இருக்கும்.